நெளிந்த அளவுகோல்

எங்கள் கேமரா எடுக்கும் படத்தில் அளவுகோல் நெளிந்து விழுந்தால் நாங்கள் கொண்டாடுகிறோம். கேமரா செய்கிற வேறு யாரும் இப்படிச் சொல்லிக்கொள்ள மாட்டார்கள். நேரான கோடு படத்திலும் நேராக விழவேண்டும் என்றுதான் எல்லோரும் மெனக்கெடுகிறார்கள். வேலையில் இருந்த காலமெல்லாம் நானும் அதற்காகத்தான் சம்பளம் வாங்கினேன். இப்போது எழுபதைத் தாண்டிய வயதில், தஞ்சாவூரில் என் வீட்டு மாடியறையில் உட்கார்ந்துகொண்டு, போனைத் திறந்ததும் எந்தச் சட்ரஸிலிருந்தாவது கோணல்மாணலாக ஒரு படம் வந்திருக்கிறதா என்று தேடுகிறேன். வந்திருந்தால் அன்றைக்குக் காப்பியே தனி ருசி.

இந்த வெற்றியில் என் பங்கையும் சொல்லிவிட வேண்டும். அதை ஒரு வருஷம் வராமல் தடுத்தவன் நான்.

வெளியூர்க்காரர்களுக்காகக் கொஞ்சம் விளக்குகிறேன். எங்கள் பக்கத்தில் ஆற்றுக்கும் பெரிய வாய்க்காலுக்கும் குறுக்கே கட்டிய கதவணையைச் சட்ரஸ் என்பார்கள். அதில் ஏறி இறங்கும் இரும்புக் கதவுக்கு ஷட்டர் என்று பெயர். அதை ஏற்றி இறக்குகிற பணியாளர் லஸ்கர். மேட்டூரில் திறக்கும் தண்ணீர் ஒவ்வொரு சட்ரஸாகத் தாண்டித்தான் கீழே வரும். முதலில் குளிப்பது தலைமடை. திருத்துறைப்பூண்டிக்குத் தெற்கே, வேதாரண்யம் உப்பளங்களை நோக்கிப் போகிற ஊர்களெல்லாம் கடைமடை. அங்கே எப்போது வந்து சேரும் என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. கடைமடைக்காரர்கள் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு மேலே ஒவ்வொரு சட்ரஸாகப் போய்ப் பார்த்துவிட்டு வருவார்கள். போனில் கேட்டால், “தண்ணி விட்டாச்சுங்க, வந்துக்கிட்டே இருக்கு” என்று பதில் வரும். அந்தப் பதில் வந்துகொண்டே இருக்கும். தண்ணீர் வராது.

என் அண்ணன் மகள் தஞ்சாவூரில் சிறிய மின்னணுத் தொழிற்கூடம் வைத்திருக்கிறாள். எடைமேடைகளுக்கும் பஸ்களின் பெயர்ப்பலகைகளுக்கும் போர்டு செய்துகொடுப்பது அவள் பிழைப்பு. ஒவ்வொரு சட்ரஸிலும் ஒரு சின்னக் கேமராவை வைத்துவிட்டால், சுவரில் கறுப்பும் வெள்ளையுமாக வரைந்திருக்கும் தண்ணீர் அளவுகோலை அது மணிக்கொருமுறை படம் எடுத்து விவசாயிகளின் போனுக்கு அனுப்பிவிடும் என்பது அவள் யோசனை. கட்டுமானத்தில் துளை போடக்கூடாது, ஷட்டரைத் தாங்கும் இரும்புச் சட்டத்தில் வேண்டுமானால் கட்டிக்கொள்ளலாம் என்று அதிகாரிகள் சொல்லிவிட்டார்கள். அதனால் கேமரா இருக்கவேண்டிய இடம் அந்தச் சட்டம்தான். உள்ளங்கை அகலச் சோலார் தகடு, சிறிய பேட்டரி, ஒரு சிம் கார்டு. ஒன்றுதான் பாக்கி. எந்தச் சென்சார்?

அதற்காக என்னை அழைத்தாள். நான் பெங்களூரில் ஒரு கம்பெனியில் முப்பது வருஷத்துக்கு மேல் கேமரா சென்சார்களோடு குப்பை கொட்டியவன். ஓய்வுபெற்று வந்து, பேச ஆள் கிடைக்காமல் இருந்தேன். கூப்பிட்டதும் சட்டையை இஸ்திரி போட்டு உடுத்திக்கொண்டு போனேன்.

அவள் முன்பே வீட்டுப்பாடம் முடித்திருந்தாள். விரல் நகத்தைவிடச் சிறிய ஒரு சென்சாரை மேஜைமேல் வைத்தாள். வாசல் மணியில் பொருத்துகிற கேமராக்களிலும் மலிவுவிலைப் போன்களின் முன்பக்கத்திலும் இருக்கிற வகை.

“சித்தப்பா, அளவுகோல்ல ஒரு சென்டிமீட்டர் கோடு படத்துல நாலஞ்சு பிக்சலாவது விழணும். இதுல ஆறு விழுது. போதும். அதுக்கு மேல பிக்சல் கூட்டினா படம் பெருசாகும், அனுப்ப நேரமாகும், பேட்டரி தின்னுடும். விடியக்காலை வெளிச்சத்துலயும் இதுக்குக் கண்ணு நல்லாத் தெரியுது. லட்சக்கணக்கா செய்யறாங்க, அதனால இன்னும் பல வருஷம் கடையில கிடைக்கும். இதைவிட என்ன வேணும்?”

எல்லாம் சரியான கேள்விகள். எல்லாவற்றுக்கும் சரியான பதில்கள். நான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன்.

“ரோலிங் ஷட்டரா?” என்று கேட்டேன்.

“ஆமா.”

“பொம்மைம்மா இது. குளோபல் ஷட்டர் இல்லாம நான் கையெழுத்துப் போட மாட்டேன்.”

யாரும் என்னிடம் கையெழுத்துக் கேட்கவில்லை.

வித்தியாசம் இதுதான். நடவு ஆட்கள் ஒரு வரி நட்டு, ஓரடி பின்னால் வந்து அடுத்த வரி நடுவதுபோல, விலை குறைந்த சென்சார் படத்தை மேலிருந்து கீழாக வரிவரியாக எடுக்கும். அதை ரோலிங் ஷட்டர் என்பார்கள். பாதி வரி எடுத்துக்கொண்டிருக்கும்போது கேமரா ஆடினால் மேல்வரி ஓரிடத்திலும் கீழ்வரி இன்னோரிடத்திலும் விழும். நேர்க்கோடு பாம்பாகிவிடும். விலை கூடிய குளோபல் ஷட்டர் சென்சார் வயல் முழுவதையும் ஒரே கணத்தில் நட்டுவிடும். கேமரா எவ்வளவு ஆடினாலும் கோடு கோடாகவே இருக்கும். ஆனால் அந்த ஒன்றின் விலைக்கு இதில் ஆறு வாங்கலாம்.

கம்பெனியில் இருந்தபோது இதே விவாதம் நடந்திருக்கிறது. பெல்ட்டில் ஓடும் பெட்டிகளின் பார்கோடுகளைப் படிக்கிற கருவி அது. எனக்குக் கீழே வேலை பார்த்த ஒருவர் விலை குறைந்த சென்சாரைச் சிபாரிசு செய்தார். கூட்டத்தில் எல்லோர் முன்னிலும் அவரைக் கிண்டல் செய்து உட்காரவைத்தேன். அங்கே நான் சொன்னது சரி. அப்படிச் சரியாக இருந்ததுதான் என்னைக் கெடுத்தது. அன்றிலிருந்து மலிவான சென்சாரைப் பார்த்தாலே சிரிக்கலாம் என்று எனக்கு உரிமை வந்துவிட்டதாக நினைத்துக்கொண்டேன்.

அண்ணன் மகள் சண்டை போடவில்லை. “ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாத்துடலாம் சித்தப்பா” என்றாள்.

மன்னார்குடி போகிற வழியில் ஒரு சட்ரஸில், ஷட்டர் சட்டத்தில் இரண்டு கேமராக்களையும் கட்டினோம். ஒன்றில் அவளுடைய சென்சார், மற்றதில் என்னுடையது. சில நாள் கழித்துக் கழற்றிவந்து, படங்களை ஒப்பிட்டுப் பார்க்கும் பொறுப்பை என்னிடம் கொடுத்தாள். அனுபவசாலி என்ற மரியாதை.

என் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தேன். என்னுடைய சென்சாரின் படங்கள் எல்லாமே நேர். அவளுடையதில் ஒரு பகுதி நெளிந்திருந்தது. அளவுகோல் சேமியாவைத் தொங்கவிட்ட மாதிரி ஆடியது. மீதிப் படங்கள், அவைதான் அதிகம், கம்பி மாதிரி நேராக இருந்தன. விடிகாலையிலும் மழை இருட்டிலும் எடுத்த படங்களில் அவளுடையதில் எண்கள் தெளிவாகத் தெரிந்தன, என்னுடையதில் புள்ளிபுள்ளியாகக் கலங்கியிருந்தன. ஒரே சென்சார் ஏன் சில நேரம் நெளிகிறது, சில நேரம் நேராக இருக்கிறது என்று ஒரு மாணவன்கூடக் கேட்டிருப்பான். நான் கேட்கவில்லை. நெளிந்ததில் மிக மோசமான மூன்று படங்களைத் தேர்ந்தெடுத்து எடுத்துக்கொண்டு போனேன்.

படங்களைப் பார்த்ததும் அவள் முகம் வாடியது.

“எல்லாமே இப்படித்தானா சித்தப்பா?”

“எல்லாமே இப்படித்தாம்மா.”

அவ்வளவுதான் நான் சொன்ன பொய். அவள் நம்பினாள். மேஜைமேல் இருந்த அந்தக் குட்டிச் சென்சாரை எடுத்து டப்பாவில் போட்டு மூடினாள்.

விலை ஏறியதால் எண்ணிக்கை இறங்கியது. வழியிலுள்ள எல்லாச் சட்ரஸிலும் வைப்பதாக இருந்த கேமரா நான்கே நான்கு சட்ரஸில் மட்டும் வந்தது. இதற்குப் பணம் போட்டது கடைமடை விவசாயிகளின் சங்கம். அதன் தலைவர் என் பழைய சிநேகிதர். தஞ்சாவூரில் கல்லூரி விடுதியில் ஒரே அறையில் இருந்தோம். நான் தலைமடைக் கிராமத்திலிருந்து போனேன். அவர் கடைமடையில் கூலி வேலை செய்த குடும்பத்திலிருந்து வந்தார். படித்து, ஆசிரியராகி, தலைமையாசிரியராக ஓய்வுபெற்று, இப்போது சொந்த நிலத்தில் சம்பா போடுகிறார். நான் அவரை வாத்தியாரே என்பேன். அவர் என்னை இன்ஜினீயரே என்பார், கோபம் வந்தால் தலைமடைக்காரன் என்பார். உறுப்பினர்களிடம் வீடு வீடாகப் போய், “என் சிநேகிதன் பாத்து வாங்கின கேமரா, தப்பாப் போகாது” என்று சொல்லிப் பணம் சேர்த்தவர் அவர்.

அந்த வருஷம் தண்ணீர் திறந்தார்கள். எங்கள் நான்கு கேமராக்களும் அழகான படங்களை அனுப்பின. கடைசிக் கேமரா இருந்த சட்ரஸில் அளவு ஏறிக்கொண்டே போனது. தண்ணீர் வந்துவிட்டது, நம்மிடம் வர அதிக நேரமில்லை என்று கடைமடையில் விதைநெல்லை ஊறப்போட்டார்கள். ஊறிய நெல்லைச் சாக்கில் கட்டி வைத்து, முளை எட்டிப்பார்த்ததும் சேறாக்கிய நாற்றங்காலில் வீசிவிட வேண்டும். முளை கட்டிய விதை யாருக்காகவும் காத்திருக்காது. இருந்த குட்டைத் தண்ணீரை இறைத்துச் சேறாக்கி, வீசினார்கள்.

தண்ணீர் வரவில்லை. கீழே ஓரிடத்தில் கரை பலவீனமாகி, அதை அடைக்கிறவரை அந்தச் சட்ரஸை மூடிவைத்திருந்தார்கள். மூடிய கதவின் பின்னால் தண்ணீர் தேங்கி ஏறிக்கொண்டிருந்தது. எங்கள் கேமரா அதைத்தான் நேர்க்கோடாக, துல்லியமாக, எண் பிசகாமல் காட்டிக்கொண்டிருந்தது. ஷட்டர் திறந்திருக்கிறதா மூடியிருக்கிறதா என்று அந்தப் படத்தில் தெரியாது. அளவு ஏறினால் தண்ணீர் வருகிறது என்று நாங்கள் எல்லோரும் எடுத்துக்கொண்டோம்.

நாற்றங்கால் வெடித்து, முளைகள் கருகிப்போயின. பலர் கடன்பட்டு மறுபடி விதை வாங்கினார்கள். சிலர் அந்தச் சாகுபடிப் பட்டத்தையே விட்டுவிட்டார்கள். நான் தஞ்சாவூரில் இருந்தேன். போனில் துக்கம் விசாரித்தேன்.

அடுத்த வருஷம் திறப்புக்கு முன் சங்கக் கூட்டம் போட்டார்கள். கேமராவைக் கழற்றித் தூர எறிவதா என்பதுதான் பேச்சு. கூட்டத்துக்கு முந்தைய நாள் மத்தியானம் வாத்தியார் எனக்கு போன் செய்தார்.

“நாளைக்கு என்னய மென்னு துப்பப் போறாங்க. அவங்களுக்குச் சொல்ல ஏதாவது இருக்கா ஒங்கிட்ட? கேமரா நாலு போதாது, எல்லாச் சட்ரஸுக்கும் வேணும்னு ஒரு கோஷ்டி கேக்குது. வெலை கொறஞ்சதா வேற கெடையாதா?”

“இருக்கு. ஆனா ஆகாது வாத்தியாரே. அதுல ரோலிங் ஷட்டர். ஷட்டர் அதிர்ந்தா படம் நெளிஞ்சுடும்.”

நான் இரண்டு ஷட்டரைச் சொன்னேன். முதலாவது சென்சாருக்குள் இருப்பது, இரண்டாவது ஆற்றில் இருப்பது. அவர் காதில் ஒரே ஷட்டர்தான் விழுந்தது.

“ஷட்டர் அதிர்ந்தா நல்லதுதானய்யா?”

“என்ன நல்லது?”

“தண்ணி ஓடுனாத்தான் ஷட்டர் அதிரும். மூடிக் கெடந்தா அது பாட்டுக்குக் கல்லு மாதிரி கெடக்கும். ஷட்டர் நடுங்குச்சுன்னா நாங்க கைதட்டுவோம், நீ என்னமோ எழவு விழுந்த மாதிரி சொல்றே.”

நான் போனைக் காதிலிருந்து எடுத்துவிட்டு மாடிப்படியைப் பார்த்தேன்.

“ஏய், லைன்ல இருக்கியா?”

“வாத்தியாரே, வச்சுடுங்க. நானே கூப்பிடறேன்.”

மாடியேறிப் போய்க் கம்ப்யூட்டரைத் திறந்தேன். அண்ணன் மகளிடம் காட்டாத படங்கள் அப்படியே இருந்தன. அழிக்கவில்லை. அழிக்கிற அளவுக்குக்கூட அதைக் குற்றமாக நான் நினைத்திருக்கவில்லை. நேர வரிசையில் அடுக்கினேன். காலையில் எல்லாம் நேர். சோதனை நாளில் முற்பகலில் லஸ்கர் வந்து கைப்பிடியைச் சுற்றி ஷட்டரை ஏற்றியது எனக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. நாங்கள் அவருக்கு டீ வாங்கிக் கொடுத்தோம். அதற்கு அடுத்த படத்திலிருந்து அளவுகோல் நெளிய ஆரம்பித்தது. இருட்டும்வரை நெளிந்தது. மறுநாளும் நெளிந்து, பாதியில் திடீரென்று நேராகியது. மூடியிருக்கிறார்கள். பிறகு நேர், நேர், நேர். மறுபடி திறந்ததும் நெளிவு.

பக்கத்தில் என்னுடைய சென்சாரின் படங்களை வைத்தேன். திறந்தபோதும் நேர், மூடியபோதும் நேர். அது ஒன்றுமே சொல்லவில்லை. நான் குறை என்று ஒளித்துவைத்திருந்ததுதான் தண்ணீர் ஓடுகிறதா என்பதற்குச் சாட்சி. அந்தச் சாட்சி ஒரு வருஷமாக என் அறையில் இருந்திருக்கிறது. அதை வெளியே கொண்டுவர வேண்டுமென்றால், நான் சொன்ன பொய்யையும் கூடவே கொண்டுவர வேண்டும்.

வேறு வழி இருக்கிறதா என்று கொஞ்ச நேரம் யோசித்தேன் என்பதையும் எழுதிவிடுகிறேன். புதிதாகச் சோதனை செய்து இப்போதுதான் கண்டுபிடித்த மாதிரி காட்டிக்கொள்ளலாம். அதற்கு ஒரு வாரமாவது வேண்டும். கூட்டம் மறுநாள். இல்லாவிட்டால் அப்படியே செய்திருப்பேனோ என்னவோ, எனக்குத் தெரியாது.

அவளுடைய தொழிற்கூடத்துக்குப் போனேன். கம்ப்யூட்டரை அவள் முன்னால் திறந்துவைத்தேன்.

“எல்லாமே இப்படித்தான்னு சொன்னேன்ல. இல்லம்மா. நேரா விழுந்ததுதான் அதிகம். காட்டலை.”

அவள் படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே போனாள். “ஏன்?” என்று திரும்பிப் பார்க்காமலே கேட்டாள்.

“நான் சொன்னதுதான் சரின்னு இருக்கணும்னு நினைச்சேன்.”

“அப்ப அந்த நாத்தங்கால்...”

“ஆமா.”

பிறகு வாத்தியார் சொன்னதைச் சொன்னேன். எந்தப் படத்துக்குப் பிறகு ஷட்டரை ஏற்றினார்கள் என்று காட்டினேன். அவள் விரல் நின்றது. நெளிந்த படத்தையும் நேரான படத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள். உதட்டோரம் மெதுவாகச் சிரிப்பு வந்தது. அதை அடக்கப் பார்த்தாள், முடியவில்லை.

“ஒரு படத்துல ரெண்டு சேதி சித்தப்பா. எவ்வளவு தண்ணி இருக்குங்கறது அளவுகோல்ல. அது ஓடுதாங்கறது நெளிவுல. இதுக்குத் தனியா ஒரு கருவி வைக்கணும்னா என்ன செலவு ஆகியிருக்கும் தெரியுமா?” என்றவள், நாற்காலியைத் திருப்பி என்னைப் பார்த்தாள். “உங்கமேல கோபப்படறதா, இதைப் பாத்துச் சிரிக்கறதான்னு தெரியல. முதல்ல சிரிச்சுக்கறேன். கோபம் எங்கயும் ஓடிப்போயிடாது.”

ஓடிப்போகவில்லை. அதற்குப் பிறகு எந்தச் சோதனைக்கும் படங்களை அவள் என்னிடம் தனியாகக் கொடுத்ததில்லை. அது நியாயம்.

மறுநாள் திருத்துறைப்பூண்டிக்கு பஸ் ஏறி, அங்கிருந்து வாத்தியார் ஊருக்குப் போனோம். ஊர்ப் பள்ளிக்கூடத்து வகுப்பறையில் கூட்டம். விசிறி ஓடியும் வியர்த்தது. வாத்தியாரிடம் தனியாக முதலில் சொல்லிவிட நினைத்தேன். அவர், “என்கிட்ட ஏன், காஞ்சது என் நாத்து மட்டுமா? அவங்ககிட்டச் சொல்லு” என்று கரும்பலகைக்குப் பக்கத்தில் நிறுத்திவிட்டார்.

சொன்னேன். மலிவான சென்சார் ஒத்துவராது என்று பொய் சொன்னதையும், அதனால் நான்கு சட்ரஸுக்கு மட்டும் கேமரா வந்ததையும், ஓட்டத்தைக் காட்டக்கூடிய படங்களை ஒளித்துவைத்ததையும் சொன்னேன்.

முன்வரிசையில் ஓர் அம்மாள் உட்கார்ந்திருந்தார். குத்தகைக்கு நிலம் எடுத்துத் தனியாகப் பயிர் வைக்கிறவர். போன வருஷம் பட்டத்தையே விட்டவர்களில் அவரும் ஒருவர்.

“அப்ப எங்க வெதை காஞ்சது மேட்டூராலயும் இல்ல, மழையாலயும் இல்ல. ஒங்க வாயாலங்களா?”

“ஆமாம்மா.”

“தலைமடைக்காரன் பேச்சு தண்ணி மாதிரி” என்றார் வாத்தியார், கூட்டத்தைப் பார்த்து. “கடைமடைக்கு வரும்போது பாதிதான் வரும்.”

சிரித்தார்கள். நானும் சிரிக்கலாமா என்று தெரியாமல் நின்றேன்.

அண்ணன் மகள் எழுந்து படங்களைச் சுவரில் காட்டினாள். நேர், நேர், இதோ திறக்கிறார்கள், நெளிவு. பின்வரிசையில் ஒருவர் கைதூக்கினார்.

“ஏம்மா, சட்ரஸ் பாலத்து மேல டிராக்டர் போனாலும் நடுங்குமே. அதையும் தண்ணின்னு சொல்லிருமா ஒங்க கேமரா?”

“டிராக்டர் போயிடும்ணே. தண்ணி போயிக்கிட்டே இருக்கும். நெளிஞ்ச படம் வந்தா, கொஞ்சம் விட்டு இன்னும் ரெண்டு எடுக்கச் சொல்லிடலாம். மூணும் நெளிஞ்சாத்தான் கணக்கு.”

“சரியாத்தான் சொல்லுது பொண்ணு” என்று யாரோ சொன்னார்கள். அந்த ஒரு கேள்விக்கு உடனே பதில் வந்ததில்தான் காற்று மாறியது என்று நினைக்கிறேன்.

கடைசியில் வாத்தியார் முடித்துவைத்தார். நான்கு பழைய கேமராவிலும் சென்சாரை மாற்ற வேண்டும். எல்லாச் சட்ரஸிலும் புதிது வைக்க வேண்டும். சங்கம் இனிமேல் பணம் போடாது. “செலவு இவரு பொறுப்பு” என்று என்னைக் காட்டினார். நானும் அதைத்தான் சொல்ல வாயெடுத்தேன், அவர் முந்திக்கொண்டார். “இந்தத் தடவை மூணு படம் நெளியாம ஒருத்தரும் வெதை ஊறப்போடாதீங்க. நெளிஞ்சும் தண்ணி வரலைன்னா நான் தலைவர் பதவியில இல்ல. இவரு திருத்துறைப்பூண்டி தாண்டி இந்தப் பக்கம் வரப்படாது.”

மலிவான சென்சார் என்பதால் எல்லாச் சட்ரஸுக்கும் செய்ய முடிந்தது. அவள் அந்த டப்பாவைத் திறந்து, அன்று மூடிய அதே சென்சாரை எடுத்து முதல் போர்டில் வைத்தாள். சூட்டில் படம் கெடுகிறதா என்று வெயிலில் தகரப்பெட்டிக்குள் போட்டுப் பார்த்தோம். லென்ஸில் மழைத்துளி நிற்காமல் இருக்கச் சின்னக் கூரை வைத்தோம். நான் திருகாணி முடுக்கினேன். அவள் முடுக்கியதைச் சரிபார்த்தாள்.

தண்ணீர் திறந்தார்கள். நாங்கள் தஞ்சாவூரில், அவர்கள் கடைமடையில், எல்லோர் போனிலும் அதே படங்கள். மேலே இருந்த சட்ரஸ்கள் ஒவ்வொன்றாக நெளிந்தன. போன வருஷம் ஏமாற்றிய அந்தச் சட்ரஸில் வந்து தண்ணீர் நின்றது. அளவு ஏறியது. கோடு நேராகவே இருந்தது. இன்னும் ஏறியது. நேர்தான்.

வாத்தியார் போன் செய்தார். “இங்க சில பேரு கை துறுதுறுங்குது. அளவுதான் ஏறிருச்சே, ஊறப்போட்டா என்னங்கறான்.”

“வேணாம்னு சொல்லுங்க வாத்தியாரே.”

“சொல்லிட்டேன். போன வருசம் இதே ஒசரத்துலதான்டா ஏமாந்தோம்னேன். நீ ஒன் பொம்மைய நம்புறியா?”

“என் பொம்மை இல்ல. அவ பொம்மை. நம்பறேன்.”

அவர்கள் காத்திருந்தார்கள். அதைவிடப் பெரிய காரியம் வேறெதுவும் அந்த வருஷம் நடக்கவில்லை என்றுகூடச் சொல்வேன். கண்ணெதிரே அளவு ஏறுகிறது, பக்கத்து ஊர்க்காரர்கள் ஊறப்போடுகிறார்கள், இவர்கள் ஒரு கோட்டின் நேர்மையைப் பார்த்துக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

மறுநாள் காலை பத்து மணி வாக்கில் என் போன் மினுங்கியது. படத்தைத் திறந்தேன். அளவுகோல் இடுப்பை வளைத்து நின்றது. அடுத்தது வந்தது, வளைவு. மூன்றாவது, வளைவு. நான் பார்த்து முடிப்பதற்குள் வாத்தியாரின் அழைப்பு.

“இன்ஜினீயரே” என்றார். பின்னால் யாரோ விசில் அடிப்பது கேட்டது. “நெளியுதுய்யா” என்றார்.

அதற்குக் கீழே ஒவ்வொரு சட்ரஸாக நெளிந்துகொண்டே போனது. தண்ணீர் எங்கே வந்துகொண்டிருக்கிறது என்று படத்திலேயே பின்தொடரலாம். எந்தச் சட்ரஸுக்கு அடுத்து எது, எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்த்து, அவர்கள் விதையை ஊறப்போட்டார்கள். முளை கட்டிய நாளில் நானும் அண்ணன் மகளும் அங்கே போனோம். வாய்க்காலில் தண்ணீர் காய்ந்த சருகையும் நுரையையும் முன்னால் தள்ளிக்கொண்டு வந்தது. கரையில் நின்றவர்கள் அதைப் பார்க்காமல் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். “வந்துருச்சுய்யா, தலைய நிமுத்திப் பாருங்க” என்று வாத்தியார் திட்டிக்கொண்டே இருந்தார்.

குத்தகை அம்மாளின் நாற்றங்காலில் சேறு பளபளத்துக்கொண்டிருந்தது. அவர் கூடையோடு வரப்பில் நின்றார். நான் கடந்துபோகப் பார்த்தேன்.

“அய்யா, இங்க வாங்க” என்றார். கூடையை நீட்டினார். வெள்ளைவெள்ளையாக முளை எட்டிப்பார்க்கும் நெல், கைக்கு வெதுவெதுப்பாக இருந்தது. “போன வருசம் காயவச்சது நீங்க. இந்த வருசம் மொதக் கை நீங்களே வீசுங்க.”

“எனக்கு வராதும்மா.”

“கேமரா மட்டும் வந்துச்சாக்கும்.”

வேட்டியை மடித்துக் கட்டிச் சேற்றில் இறங்கினேன். கால் முழங்கால்வரை போயிற்று. ஒரு கை அள்ளி வீசினேன். பரவலாக விழவேண்டிய விதை ஓரிடத்தில் குவியலாகவும் இன்னோரிடத்தில் வெறுமையாகவும், கோணலாக ஒரு வளைந்த கோட்டில் போய் விழுந்தது.

வரப்பில் நின்ற எல்லோரும் சிரித்தார்கள். அண்ணன் மகளின் சிரிப்புத்தான் உரக்கக் கேட்டது.

அம்மாள் கூடையை வாங்கிக்கொண்டார். “நெளிஞ்சிருக்கு” என்றார். “அப்ப தண்ணி ஓடுதுன்னு அர்த்தம். ஏறி வாங்க, மீதிய நான் பாத்துக்கறேன்.”